பாய்லர் பற்றவில்லையா? எந்தச் சத்தத்தோடு நிற்கிறது என்று முதலில் கேளுங்கள்

இங்கிலாந்தில் ஜனவரி மாதக் காலை. குழந்தையைப் பள்ளிக்குக் கிளப்ப வேண்டும். குளியலறைக் குழாயைத் திறந்தால் தண்ணீர் பனிக்கட்டியாக வருகிறது, ரேடியேட்டர் சில்லிட்டுக் கிடக்கிறது. சமையலறை மூலையில் இருக்கும் பாய்லரில் சிவப்பு விளக்கு மின்னுகிறது. அந்த நேரத்தில் எல்லோருடைய கையும் ரீசெட் பட்டனுக்குத்தான் போகும். பற்றவில்லையா, மறுபடி ஒரு தடவை. அதற்கும் பற்றவில்லையா, இன்னொரு தடவை.

எங்கள் தெருவில் ஓர் அக்கா கைக்குழந்தையோடு வீட்டில் தனியாக இருந்த நாளில் அப்படித்தான் அரைமணி நேரம் அழுத்திக்கொண்டே இருந்திருக்கிறார். பிறகு என்னைக் கூப்பிட்டார். நான் போய் ரீசெட்டை ஒரே ஒரு தடவை அழுத்திவிட்டு, "அக்கா, பேசாமல் கேளுங்கள்" என்றேன். உள்ளே ஃபேன் சுழன்றது, டிக் டிக் என்று ஸ்பார்க் அடித்தது, ஆனால் தீ வரவில்லை. அடுப்பைத் திருகிப் பார்த்தோம், அதுவும் பற்றவில்லை. முன்கூட்டியே பணம் போடும் கேஸ் மீட்டரில் பணம் தீர்ந்திருந்தது. பாய்லரில் ஒரு குறையும் இல்லை.

நான் கேஸ் இன்ஜினியர் இல்லை. இந்த ஊர் வீடுகளில் பல குளிர்காலங்களைக் கழித்தவன், அவ்வளவுதான். இங்கே எழுதுவது சுவரில் மாட்டியிருக்கும் காம்பி பாய்லரைப் பற்றி. தெருக்குழாய் கேஸில் ஓடி, தொட்டி இல்லாமல் உடனுக்குடன் வெந்நீர் தரும் வகை அது. பாய்லரின் உறையைக் கழற்றாமல், கண்ணாலும் காதாலும் பார்க்கக்கூடியதை மட்டும் சொல்கிறேன். உறைக்குள் இருப்பதெல்லாம் பதிவு பெற்ற இன்ஜினியரின் வேலை. பல பாய்லர்களில் அந்த உறைதான் தீயையும் புகையையும் வீட்டுக் காற்றிலிருந்து பிரித்து வைத்திருக்கிறது. அதன் ரப்பர் விளிம்பு சரியாக உட்காராவிட்டால் நச்சுப் புகை வீட்டுக்குள் வரும்.

கேஸ் வாடை அடித்தால், அல்லது கார்பன் மோனாக்சைடு அலாரம் கத்தினால்

இந்த இடத்தில் பிழை தேடும் வேலையே கிடையாது. சுவிட்ச் எதையும் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். ஜன்னல் கதவுகளைத் திறந்து, மீட்டர் பக்கத்து வால்வை மூடிவிட்டு, எல்லோரையும் கூட்டிக்கொண்டு வெளியே வாருங்கள். மீட்டர் நிலவறையில் இருந்து அங்கேயே வாடை அடித்தால் உள்ளே இறங்காதீர்கள். வெளியே வந்து 0800 111 999 என்ற எண்ணைக் கூப்பிடுங்கள். 24 மணி நேரமும் எடுப்பார்கள், கட்டணம் இல்லை. வட அயர்லாந்தில் இருப்பவர்களுக்கு எண் 0800 002 001. வருகிறவர்கள் ஆபத்தை நீக்கிவிட்டுப் போவார்கள். பாய்லரைப் பழுதுபார்ப்பது அவர்கள் வேலை இல்லை, அதற்குத் தனியாக ஆள் கூப்பிட வேண்டும்.

கேஸ் சரியாக எரியாதபோது உண்டாகும் நச்சு வாயுவான கார்பன் மோனாக்சைடு இன்னும் மோசம், அதற்கு வாடையே இல்லை. தலைவலி, தலைசுற்றல், வாந்தி வருகிற மாதிரி இருப்பது, வீட்டில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் சோர்வு, வெளியே போனால் சரியாகிவிடுவது: இப்படி இருந்தால் சளிக்காய்ச்சல் என்று நினைத்துப் படுத்துவிடாதீர்கள். பாய்லரை நிறுத்தி, வெளியே வந்து, அதே எண்ணைக் கூப்பிடுங்கள். தலை கிறுகிறுத்தால் மருத்துவ உதவியும் கேளுங்கள். பாய்லர் இருக்கும் அறையில் கார்பன் மோனாக்சைடு அலாரம் இல்லை என்றால், மீதிக் கட்டுரையைப் படிப்பதற்கு முன் ஒன்று வாங்க ஏற்பாடு செய்யுங்கள்.

ஒரு பாய்லர் எப்படிப் பற்றுகிறது

இது தெரிந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. நீங்கள் வெந்நீர்க் குழாயைத் திறக்கிறீர்கள், அல்லது அறையின் சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் சூடு கேட்கிறது. ஹீட்டிங் என்றால் முதலில் பம்ப் ஓடி ரேடியேட்டர்களுக்குத் தண்ணீரைத் தள்ளும். அப்புறம் ஃபேன் 'ஊ...' என்று சுழன்று, உள்ளே தங்கிய பழைய காற்றை வெளியே தள்ளும். காற்று சரியாகப் போகிறது என்று பாய்லருக்குத் தெரிந்த பிறகுதான் ஸ்பார்க் அடிக்கும். கூடவே 'டக்' என்று கேஸ் வால்வு திறக்கும். 'புஸ்' என்று மெல்லத் தீ பிடிக்கும். கடைசியாக, தீ உண்மையிலேயே இருக்கிறதா என்று தீக்குள் நிற்கும் ஓர் எலெக்ட்ரோடு சோதிக்கும். தீயின் வழியாக மிகச் சிறிய மின்சாரம் பாயும், அளவு மைக்ரோ ஆம்பியரில்தான் இருக்கும். அது கிடைக்காவிட்டால் சில நொடிகளில் கேஸை மூடிவிடும். சில முறை தானாகவே முயன்று பார்த்து, முடியாவிட்டால் பூட்டிக்கொள்ளும். இதைத்தான் லாக்அவுட் என்கிறார்கள்.

ஆக, ஒரு படி சரியாக நடந்தால்தான் அடுத்த படி. எந்தப் படியில் சத்தம் நிற்கிறதோ அங்கேதான் கோளாறு, அல்லது அதற்குக் கொஞ்சம் முன்னால். ஒரு ரீசெட் போட்டு, சமையலறையில் ரேடியோவையும் சிம்னி ஃபேனையும் அணைத்து, காது கொடுத்துக் கேளுங்கள். போனில் வீடியோ எடுத்து வைப்பது இன்னும் நல்லது, இன்ஜினியருக்கு அனுப்பலாம்.

ரீசெட்டை இரண்டு தடவைக்கு மேல் அழுத்துவதில்லை என்று எனக்கு நானே ஒரு வரம்பு வைத்திருக்கிறேன். நடுவில் சில நிமிடம் விடுவேன். லாக்அவுட் என்பது பாய்லர் காரணத்தோடு போட்ட பூட்டு. அதைத் திரும்பத் திரும்ப உடைத்துத் திறப்பது நல்லதில்லை.

பேனலில் வெளிச்சமே இல்லை, சத்தமும் இல்லை

மின்சாரம் வரவில்லை. பாய்லருக்குப் பக்கத்துச் சுவரில் ஃபியூஸ் வைத்த ஒரு சுவிட்ச் இருக்கும். யாராவது துடைக்கும்போது தட்டி அணைத்திருக்கலாம். மெயின் பெட்டியில் ஒரு சுவிட்ச் கீழே விழுந்திருக்கிறதா என்றும் பாருங்கள். சுவரில் இருக்கும் ஃபியூஸ் பெரும்பாலும் 3 ஆம்பியர். அது எரிந்திருந்து, புதிதாகப் போட்டதும் உடனே எரிந்தால் உள்ளே எங்கோ ஷார்ட் இருக்கிறது. 13 ஆம்பியர் ஃபியூஸைப் போட்டுச் சமாளிக்கவே கூடாது.

பேனல் எரிகிறது, ஆனால் பாய்லர் முயற்சியே செய்யவில்லை

இங்கே சிவப்பு விளக்கோ பிழை எண்ணோ இல்லை என்றால், பற்றவைப்பில் கோளாறு இருக்க வாய்ப்புக் குறைவு. யாரும் அதைச் சூடு கேட்கவில்லை, அவ்வளவுதான். வெந்நீர்க் குழாயைத் திறந்து பாருங்கள். வெந்நீர் வருகிறது, ரேடியேட்டர் மட்டும் சூடாகவில்லை என்றால் பற்றவைப்பு நன்றாக இருக்கிறது. தெர்மோஸ்டாட்டின் பேட்டரி தீர்ந்திருக்கலாம். மார்ச், அக்டோபர் மாதங்களின் கடைசி ஞாயிறுகளில் கடிகாரம் மாறும்போது பழைய டைமர் மாறாமல் நின்றிருக்கலாம்.

பாய்லரிலும் ரேடியேட்டர்களிலும் இருக்கும் தண்ணீரின் அழுத்தத்தைக் காட்டும் அழுத்தமானியையும் பாருங்கள். குளிர்ந்திருக்கும்போது முள் 1 முதல் 1.5 பார் வரை இருக்க வேண்டும். அரை பாருக்குக் கீழே போனால் பல பாய்லர்கள் பற்றவே மறுக்கும். வைலன்ட் நிறுவன பாய்லரில் எஃப் 22, ஐடியல் நிறுவன பாய்லரில் எஃப் 1 என்று காட்டுவது இதைத்தான். பாய்லருக்கு அடியில் பின்னல் போட்ட உலோகக் குழாயும் அதன் முனைகளில் வால்வும் இருக்கும், அதுதான் ஃபில்லிங் லூப். மெல்லத் திறந்து, முள் 1.5ஐத் தொடும் முன் இரண்டு பக்கமும் இறுக்கி மூடுங்கள். இது வீட்டுக்காரர் தானே செய்யக்கூடிய வேலை. வாராவாரம் செய்ய வேண்டி வந்தால் மட்டும் எங்கோ தண்ணீர் கசிகிறது என்று பொருள்.

ஸ்பார்க் அடிக்கிறது, தீ வரவில்லை

கேஸ் வந்து சேருகிறதா என்பதே முதல் கேள்வி. வீட்டில் கேஸ் அடுப்பு இருந்தால் பதில் ஒரு நொடியில் கிடைக்கும். அடுப்பும் பற்றவில்லை என்றால் பாய்லரை விட்டுவிட்டு மீட்டருக்குப் போங்கள். அங்கே வால்வின் கைப்பிடி குழாயோடு ஒரே நேர்கோட்டில் இருந்தால் திறந்திருக்கிறது. குழாய்க்குக் குறுக்கே இருந்தால் மூடியிருக்கிறது. மூடியிருந்தால் யார் மூடினார்கள், ஏன் மூடினார்கள் என்று தெரியாமல் திறக்காதீர்கள். ஒரு இன்ஜினியர் ஆபத்து என்று மூடி, எச்சரிக்கைச் சீட்டு ஒட்டிப் போயிருக்கலாம்.

முன்கூட்டியே பணம் போடும் மீட்டர் என்றால் இருப்பைப் பாருங்கள். இதில் பலரும் தடுமாறும் ஒரு இடம் உண்டு. பணம் தீர்ந்து கேஸ் நின்ற பிறகு டாப்-அப் செய்தாலும் ஸ்மார்ட் மீட்டரில் கேஸ் தானாகத் திரும்பாது. அடுப்பையும் மற்ற கேஸ் சாதனங்களையும் அணைத்துவிட்டு, மீட்டரில் பட்டனை அழுத்தி உறுதி செய்தால்தான் வால்வு திறக்கும். அக்கா வீட்டில் அன்றைக்குப் பணம் போட்ட பிறகும் பத்து நிமிடம் காத்திருந்தது இதனால்தான். அப்புறம் பாய்லரில் ஒரு ரீசெட். பைப்பில் புகுந்த காற்று வெளியேற வேண்டும் என்பதால் முதல் முயற்சியில் பற்றாமல் போகலாம், இரண்டாவதில் பற்றும்.

அடுப்பு நன்றாக எரிகிறது, பாய்லர் மட்டும் பற்றவில்லை என்றால் கேஸ் வால்வு, ஸ்பார்க் எலெக்ட்ரோடு, அதற்குப் போகும் வயர், சர்க்யூட் போர்டு என்று பட்டியல் உள்ளே போகிறது. நாம் நிற்க வேண்டிய இடம் இது. அடுப்பு எரிவதால் கேஸ் அழுத்தம் சரி என்றும் முடிவுகட்டிவிடாதீர்கள். வீட்டுக்கு வரும் அழுத்தம் சுமார் 21 மில்லிபார். சின்ன அடுப்புக்குப் போதுமானது பாய்லருக்குப் போதாமல் போகலாம். பாய்லர் ஓடும்போது அழுத்தம் எவ்வளவு விழுகிறது என்று இன்ஜினியர் அளந்துதான் சொல்ல முடியும்.

பற்றுகிறது, சில நொடியில் அணைகிறது

தீ வருகிறது, ஆனால் பாய்லருக்கு அது தெரியவில்லை. எலெக்ட்ரோடில் கரி படிந்திருக்கலாம், அதன் பீங்கான் விரிசல் விட்டிருக்கலாம். பல வருடம் சர்வீஸ் செய்யாத பாய்லரில் இதைத்தான் முதலில் சந்தேகிப்பேன். இன்னொன்றும் உண்டு. இந்தச் சோதனை மின்சாரம் எர்த் வழியாகத் திரும்புகிறது. அதனால் எர்த் இணைப்பு தளர்ந்தாலோ, சில பாய்லர்களில் லைவும் நியூட்ரலும் இடம் மாறினாலோ, நல்ல தீ எரிந்தும் பாய்லர் அதை நம்பாது. சமையலறையைப் புதுப்பித்த பிறகு, அல்லது எலெக்ட்ரீஷியன் வந்துபோன பிறகு இந்தக் கோளாறு ஆரம்பித்திருந்தால் இன்ஜினியரிடம் அதை மறக்காமல் சொல்லுங்கள். தேவையில்லாமல் போர்டு மாற்றும் செலவு மிச்சமாகலாம்.

உறைபனி இரவு, கொடகொடவென்று சத்தம், பிறகு லாக்அவுட்

இந்த ஊரில் குளிர்காலத்தில் அதிகம் பேரைத் தவிக்க விடுவது இதுதான், நாமே சரிசெய்யக்கூடியதும் இதுதான். அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

கேஸில் இருக்கும் மீத்தேன் எரியும்போது நீராவியும் உண்டாகிறது. பழைய பாய்லர்கள் அதைச் சூட்டோடு வெளியே விட்டுவிட்டன. கண்டென்சிங் பாய்லர் அந்த நீராவியைக் குளிரவைத்துத் தண்ணீராக்கி, அதில் இருக்கும் சூட்டையும் பிடித்துக்கொள்கிறது. 2005 ஏப்ரல் முதல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் புதிதாக மாட்டும் பாய்லர், சில விலக்குகள் தவிர, இந்த வகையாகத்தான் இருக்க வேண்டும். அப்படி உண்டாகும் தண்ணீர் லேசான அமிலத்தன்மை உள்ளது. பாய்லரின் அடியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் குழாய் வழியாக அது சாக்கடைக்குப் போகிறது. அந்தக் குழாய் பல வீடுகளில் சுவரைத் துளைத்து வெளியே போகிறது. சொட்டுச் சொட்டாக ஓடும் தண்ணீர், விரல் தடிமனை விடக் கொஞ்சம் பெரிய குழாய், வெளியே பூஜ்யத்துக்குக் கீழே. இரவோடு இரவாக உறைந்து அடைத்துக்கொள்ளும். தண்ணீர் போக வழியில்லாமல் பின்னோக்கி பாய்லருக்குள் ஏறும். அந்தக் கொடகொட சத்தம் இதனால்தான். பாய்லர் தன்னைக் காத்துக்கொள்ள நின்றுவிடும்.

2010 டிசம்பர் மாதம் பிரிட்டனில் 1910இல் தொடங்கும் பதிவுகளிலேயே மிகக் குளிரான டிசம்பர். அந்தச் சமயத்தில் நாடு முழுக்க எத்தனையோ நல்ல பாய்லர்கள் இந்தக் குழாய் உறைந்ததால் மட்டுமே நின்றுபோயின.

சரி, என்ன செய்வது? பாய்லருக்கு நேர் வெளிப்பக்கம் போய்ப் பாருங்கள். வெள்ளை, சாம்பல் அல்லது கறுப்பு பிளாஸ்டிக் குழாய் சுவரிலிருந்து வந்து கீழே சாக்கடைக்கு இறங்கும். உறைவது பெரும்பாலும் வளைவுகளில், படுக்கைவாட்டில் நீளமாகப் போகும் இடத்தில், கடைசித் திறப்பில். வெதுவெதுப்பான தண்ணீரை அந்த இடங்களில் மெல்ல ஊற்றுங்கள். செடிக்கு ஊற்றும் பூவாளி இதற்கு வசதி. வெந்நீர்ப் பையைக் குழாயின் மேல் கட்டி வைக்கலாம். கொதிக்கக் கொதிக்க ஊற்றாதீர்கள், குளிர்ந்து கிடக்கும் பிளாஸ்டிக் வெடித்துவிடும். ஊற்றிய தண்ணீர் கீழே உறைந்து யாராவது வழுக்கி விழாமலிருக்க உப்பைத் தூவிவிடுங்கள். ஏணி வைத்து ஏற வேண்டிய உயரம் என்றால் பனியில் அந்த வேலை வேண்டாம். பனி உருகித் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்ட பிறகு ஒரு ரீசெட். அடைப்பு உண்மையிலேயே போயிருந்தால் உடனே பற்றும்.

அன்றைக்குச் சரியாகிவிட்டது என்று விட்டுவிட்டால் மறுநாள் காலையிலும் இதே கதைதான். குளிர் விடும்வரை இரவில் ஹீட்டிங்கை முழுக்க அணைக்காமல் குறைந்த சூட்டில் ஓடவிடுங்கள். நிலையான தீர்வு குழாயில் இருக்கிறது. வெளியே போகும் பகுதி 32 மில்லிமீட்டர் விட்டத்தில், முடிந்த அளவு நீளம் குறைவாக, நல்ல சரிவோடு, மழையில் நனையாத உறை சுற்றி இருக்க வேண்டும். வீட்டுக்குள்ளேயே கழிவுக் குழாயில் சேர்க்க முடிந்தால் அதைவிட நல்லது. பல வீடுகளில் 21.5 மில்லிமீட்டர் ஒல்லிக் குழாயை வெறுமனே விட்டிருப்பார்கள். எங்கள் வீட்டிலும் அப்படித்தான் இருந்தது. மாற்றிய பிறகு ஒரு குளிர்காலத்திலும் நின்றதில்லை.

காற்றடிக்கும் இரவில் மட்டும், அல்லது ஃபேன் சுழன்று நின்றுவிட்டால்

ஃபேன் ஓடுகிறது, ஸ்பார்க் வரவே இல்லை என்றால் காற்றுப் பாதையில் ஏதோ இருக்கிறது. வெளிச் சுவரில் புகை வரும் ஃப்ளூ முனையைத் தரையில் நின்றபடியே பாருங்கள். பனி குவிந்திருக்கிறதா, பறவை கூடு கட்டியிருக்கிறதா, யாராவது அதன் முன் எதையாவது சாய்த்து வைத்திருக்கிறார்களா? முன்னால் கிடப்பதை நகர்த்தலாம். ஃப்ளூவுக்குள் கையோ குச்சியோ விட வேண்டாம். புயல் இரவில் ஓரிரு தடவை அணைந்து, காற்று அடங்கியதும் சரியானாலும் அடுத்த சர்வீஸில் இன்ஜினியரிடம் சொல்லுங்கள்.

'டமார்' என்று பற்றினால்

உடனே நிறுத்துங்கள். ரீசெட்டே வேண்டாம். ஸ்பார்க் தாமதமாகி, கேஸ் கொஞ்சம் சேர்ந்த பிறகு மொத்தமாகத் தீப்பிடிக்கும் சத்தம் அது. பாய்லர் அதன் பிறகு நன்றாக ஓடினாலும், இன்ஜினியர் பார்க்கும்வரை அதைப் போடாதீர்கள்.

பிழை எண்கள்

வூஸ்டர் பாஷ் நிறுவன பாய்லரில் ஈஏ, வைலன்டில் எஃப் 28 அல்லது எஃப் 29, ஐடியலில் எல் 2, பேக்ஸியில் ஈ 133. எல்லாம் சொல்வது ஏறக்குறைய ஒன்றே: தீ கிடைக்கவில்லை, அல்லது கிடைத்து அணைந்தது. கேஸ் தீர்ந்தாலும் இதே எண், குழாய் உறைந்தாலும் இதே எண், எலெக்ட்ரோடு கெட்டாலும் இதே எண். ஆகவே எண்ணை மட்டும் வைத்து உதிரி பாகம் வாங்காதீர்கள். எண்ணோடு சத்தத்தையும், வெளியே எத்தனை டிகிரி என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

இன்ஜினியரைக் கூப்பிடும்போது

கேஸ் சேஃப் என்பது இங்கே கேஸ் வேலை செய்வோரின் அதிகாரபூர்வப் பதிவேடு. அந்தப் பதிவு இல்லாதவர் பாய்லரில் கேஸ் வேலை செய்வது சட்டவிரோதம். தெரிந்த பையன், குறைந்த காசுக்குச் செய்வான் என்று நம் ஆட்கள் வட்டத்தில் பேர்கள் சுற்றிவரும். நல்லவராகவே இருக்கட்டும், அட்டையைக் கேளுங்கள். பின்பக்கத்தில் அவர் எந்தெந்த வேலைக்குத் தகுதி பெற்றவர் என்று இருக்கும். அட்டையில் இருக்கும் எண்ணைக் கேஸ் சேஃப் இணையதளத்தில் சரிபார்க்கலாம். 2009 ஏப்ரலுக்கு முன் இந்தப் பதிவு கோர்கி என்ற பெயரில் இருந்தது. இன்றைக்கு யாராவது கோர்கி அட்டையைக் காட்டினால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

வாடகை வீடு என்றால் பழுது உங்கள் செலவு இல்லை. வெந்நீரும் ஹீட்டிங்கும் ஓடச் செய்வது வீட்டு உரிமையாளரின் கடமை. வருடம் ஒரு முறை கேஸ் பாதுகாப்புச் சோதனை செய்து, அதன் சான்றின் நகலை உங்களிடம் தரவும் வேண்டும். இங்கிலாந்தில் 2022 அக்டோபர் 1 முதல் பாய்லர் இருக்கும் அறையில் கார்பன் மோனாக்சைடு அலாரம் வைப்பதும் அவர் பொறுப்பு. போனில் சொல்வதோடு நிறுத்தாமல் பிழை எண்ணின் படம், அழுத்தமானியின் படம், நேரம் எல்லாவற்றையும் எழுத்தில் அனுப்புங்கள்.

ஊரிலிருந்து அம்மா அப்பா வந்து பகலெல்லாம் வீட்டில் தனியாக இருக்கும் மாதங்களில் நான் ஒன்று செய்வேன். பாய்லர் அலமாரிக் கதவின் உள்பக்கம் தமிழில் ஒரு தாள் ஒட்டுவேன். கேஸ் வாடை வந்தால் எந்த வால்வை எந்தப் பக்கம் திருப்ப வேண்டும், எந்தக் கதவு வழியாக வெளியே போக வேண்டும், 0800 111 999, என் போன் எண், பக்கத்து வீட்டு எண். ரீசெட் ஒரே தடவை என்று கடைசி வரி. ஒட்டியதோடு விடாமல் அப்பாவைக் கூட்டிப்போய் அந்த வால்வை ஒரு தடவை கையால் தொட்டுக் காட்டிவிட்டுத்தான் வேலைக்குக் கிளம்புவேன்.